சுவரோரத்துச் சந்தேகங்கள்

அவளுக்கு வெந்நீர் என்று பெயர் வந்தது சலவைக்கூடத்தில். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி பறக்கிறாளே என்று யாரோ ஒரு நாள் சொல்லப்போக, மற்ற வார்த்தையெல்லாம் உதிர்ந்துபோய் வெந்நீர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூத்தவர்களுக்கு வெந்நீர், இளையவர்களுக்கு வெந்நீரக்கா. அவளுக்கும் அதில் கோபமில்லை. கோபப்பட நின்று நிதானிக்க வேண்டுமே, அதற்கு ஏது நேரம்?

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும். அவிழ்த்து உதறி, விரிப்பு வேறு, தலையணை உறை வேறு, கம்பளி வேறு, அறுவை அறைப் பச்சைத் துணி வேறு என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. மடிப்புக்குள் பேனா இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், ஒரு முறை யாருடைய பல்செட்டோ சிரித்துக்கொண்டு கிடந்தது. கறையைப் பார்த்த மாத்திரத்தில் இது அயோடின், இது மை, இது பழச்சாறு என்று சொல்லிவிடுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடம் ஒன்றுதான். "ரத்தக் கறைன்னா முதல்ல பச்சைத் தண்ணி. சூடு பட்டுச்சோ, கறை துணியோட உட்கார்ந்துடும். அப்புறம் எந்தக் கொம்பனாலயும் எடுக்க முடியாது."

"பேரு வெந்நீர், நடத்துற பாடம் பச்சைத் தண்ணி" என்று பக்கத்து மேசையிலிருந்து பொத்தான் சிரிப்பாள். அறுந்த பொத்தானையும் பிய்ந்த நாடாவையும் தைக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அந்தக் கூடத்தில் ஒருத்திக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை.

சலவைக்கூடத்தில் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்காது. வீட்டின் பின்பக்கம் சின்ன முற்றம். அதன் முடிவில் அடுத்த வீட்டுக்கும் இவளுக்கும் பொதுவாக ஒரு சுவர். சுவரை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பாத்தி. அதில் இரண்டு செம்பருத்தி, ஒரு ரோஜா, கொஞ்சம் கனகாம்பரம். செடிக்குச் செடி நடுவே மண் துடைத்துவிட்ட தரை போல இருக்கும். ஒரு புல் தலையைக் காட்டினால் போதும், காலைக் காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவாய் குடிப்பாள். அது என்ன செடி, பூக்குமா காய்க்குமா என்ற விசாரணையெல்லாம் அவளிடம் கிடையாது. அவள் நடாதது முளைத்தால் அது களை. முளையிலேயே கிள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டத்தைத் தினமும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து ரசித்தவர் பக்கத்து வீட்டு மீட்டர்காரர். வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாக நுழைந்து மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்தவர். ஓய்வு பெற்றும் அந்தக் கண் ஓயவில்லை. அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது அவருக்குத் தப்பாகவே தோன்றாது. "ஏம்மா, உங்க பாத்தியில பாயே விரிச்சுப் படுக்கலாம் போலிருக்கே" என்பார். வெந்நீருக்கு அதைவிடப் பெரிய விருது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

போன வெயில் காலத்தில் மகள் வந்தாள். முப்பது வயதாகியும் இவளுக்குப் பாப்பாதான். பார்மசி படித்துவிட்டு, தொலைவில் ஒரு பெரிய ஊரில், விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தவள். பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் முதல் வார்த்தையாக, வேலையை விட்டுவிட்டேன் என்றாள்.

"ஏன்டி? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. அலுத்துப்போச்சு. கொஞ்ச நாள் சும்மா இருக்கப் போறேன்."

வெந்நீரின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாலும் இவ்வளவு சுட்டிருக்காது. பெண் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து இவள் ஒரு நாள் சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு அடுப்பும் சும்மா இருந்திருக்கும். அப்படி வளர்த்த பெண், உடம்பில் ஒரு நோவும் இல்லாமல், பட்டப்பகலில் பின்வாசல் படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? குட்டி போட்ட பூனையாட்டம் கூடத்துக்கும் படிக்கும் நடந்தாள். "வெயில் படுது, உள்ளே வா." "ஏதாவது புத்தகம் படியேன்." "பக்கத்துத் தெருவுல கம்ப்யூட்டர் சொல்லித் தராங்களாம்." எல்லாவற்றுக்கும் மகளிடமிருந்து ஒரே ஒரு "ம்".

ஒரு சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாப்பா படியை விட்டு எழுந்திருந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். சுவரோரமாக மெல்ல நடந்து, விரல் நுனியில் எதையோ எடுத்து, பாத்தி நெடுக இறைத்துக்கொண்டே போனாள். அந்தக் கோடியில் நின்று பொட்டலத்தைத் தட்டி உதறினாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட இருந்தது. விதை போடுகிறாள்! பெண் ஏதோ ஒரு காரியம் செய்கிறாள்! வெந்நீருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. என்ன விதை என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கரண்டியைத் துலக்கினாள். அவள் வாழ்நாளில் வாயை அடக்கிய சாயங்காலங்களில் அது ஒன்று.

அடக்கிய வாய் மறுநாள் வேலையிடத்தில் அவிழ்ந்துகொண்டது. விதை போடுகிறவள் வேலையும் பார்ப்பாள் என்று அவளே முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைமை அதிகாரியுடைய வெள்ளைக் கோட்டை ஒருமுறை மைக் கறையிலிருந்து காப்பாற்றியிருந்தாள். அந்த உரிமையில் நேரே போய்ப் பெண்ணுக்கு வேலை கேட்டாள். கிடைத்தும் விட்டது. திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுவாள் என்று சொல்லி, கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம். அதற்குள் மருந்தகத்திலிருந்து ஒரு பெண் பாப்பாவையே கூப்பிட்டு, "திங்கக்கிழமை சீருடை அளவு எடுக்கணும், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

வெந்நீர் உள்ளே நுழையும்போது பெட்டி கட்டியிருந்தது.

"நல்ல இடம்டி. நிழல்ல வேலை. உனக்காகத்தானே—"

"எனக்காகவா? உன் கண்ணுக்கு நான் சும்மா உட்கார்ந்திருக்கிறது பொறுக்கல, அதான். நீ எதையாவது விட்டு வைப்பியாம்மா? முளைச்சா பிடுங்கணும் உனக்கு. அது என்னன்னு தெரிஞ்சுக்கக்கூட ஒரு நாள் பொறுக்க மாட்ட."

கத்திச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. தணிந்த குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் பச்சைத் தண்ணீர் பாடம் நடத்தியவள், பெற்ற பெண் விஷயத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டு நின்றாள். கறை உட்கார்ந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

பாப்பா பழைய ஊருக்கே போய்த் தோழியின் வீட்டில் தங்கி, ஒரு சின்ன மருந்துக்கடையில் சேர்ந்துகொண்டாள். போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், சரி, வைக்கிறேன். இந்த நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வராது. ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டால், பார்க்கலாம். அந்தப் பார்க்கலாமில் வரமாட்டேன் என்பதுதான் வெந்நீருக்குக் கேட்டது.

பிறகு மழை பெய்தது. பாத்தியில் முளை விட்டது.

ஒன்றா இரண்டா? மண் தெரியாமல் முளைத்தது. வெந்நீர் வழக்கம்போலக் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தவள், தொடப்போன கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இதில் பாப்பா போட்டது எது? தானாக வந்தது எது? வரிசையாக விதைத்திருந்தால் வரிசையில் இருப்பதை விட்டு மற்றதைப் பிடுங்கலாம். அவள் இறைத்தல்லவா போனாள்! எல்லாம் இரண்டு இரண்டு இலையோடு, பிரசவ வார்டில் வரிசையாகக் கிடக்கும் குழந்தைகள் மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லி வைத்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் இந்தப் பாத்தியில் உட்காரவைத்துக் காட்டச் சொல்லியிருப்பாள்.

அன்றைக்கே போனில் ஆரம்பித்தாள். "பாப்பா, நீ பின்னாடி சுவரோரமா போட்டியே, அது..." "அம்மா, கடையில ஆள் நிக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள் மகள். அப்புறம் பேசவில்லை. வெந்நீரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால், அதையும் பிடுங்கிட்டியா என்று ஒரு வார்த்தை வரும். அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. அவள் மனசுக்குள் ஒரு தீர்மானம் வந்து உட்கார்ந்தது. என்றைக்காவது ஒரு நாள் பாப்பா வருவாள். வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு நேரே பின்வாசலுக்குப் போவாள். போட்ட செடி நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால் அம்மா மாறிவிட்டாள் என்று அர்த்தம். இல்லையென்றால் இந்த வீட்டு வாசலை அவள் மறுபடி மிதிக்கமாட்டாள். ஆகவே, எது என்னவென்று தெரிகிற வரைக்கும் ஒன்றையும் பிடுங்குவதில்லை.

சொல்வது சுலபம். கண் முன்னால் களை நின்று தலையாட்டுகிறது, பிடுங்கக்கூடாது என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது? துறுதுறுக்கிற கைக்கு வேலை கொடுக்க, சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட நாடாத் துண்டுகளை எடுத்துவந்து, குச்சி குச்சியாக நட்டு, ஒவ்வொரு முளைக்கும் ஒரு நாடா கட்டினாள். நாடாவில் செடியின் பெயரை எழுத வேண்டும். பெயர் தெரியாததால் முதல் நாடாவில் 'சந்தேகம்' என்று எழுதினாள். இரண்டாவதிலும் சந்தேகம். அந்தக் கோடி வரை சந்தேகம்தான்.

பொத்தான் கைப்பேசியோடு வந்தாள். படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லுமாம். எடுத்தார்கள். சொல்லிற்று. அதே செடியைப் பக்கவாட்டில் எடுத்தார்கள், வேறு பெயரைச் சொல்லிற்று. மேலிருந்து எடுத்தபோது மூன்றாவதாக ஒரு பெயர். ஒரு படத்தில் வெந்நீரின் ரப்பர் செருப்பும் சேர்ந்து விழ, இது அபூர்வமான ஆர்க்கிட் என்றது.

"இதுக்கு நம்ம மீட்டர்காரரே தேவலை" என்றாள் வெந்நீர்.

"அக்கா, பேசாம எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு நாலு சாமந்தி வாங்கி வைங்க. பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும்டி. போட்டவளுக்குத் தெரியாதா?"

விதைக்கடைக்காரரிடம் போனாள். அவர் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் வரும் இரண்டு இலை எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கும், அதை நம்பாதீர்கள், அடுத்து வருகிற இலையைப் பாருங்கள். தண்டை விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். கிள்ளினால் பால் வருகிறதா பாருங்கள். "அப்புறம், உங்க பொண்ணு என்ன விதை வாங்கினாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுதேம்மா?"

"அவ வெளியூர்ல இருக்கா."

"வெளியூர்ல போன் இல்லையா?"

வெந்நீர் கடையை விட்டு இறங்கினாள். அன்று முதல் உருட்டிப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் கிள்ளிப் பார்ப்பதுமாகப் பொழுது போனது. சலவைக்கூடத்துப் புத்தியையும் விடவில்லை. புரியாத கறையென்றால் துணியின் மூலையில் சோதித்துப் பார்ப்பார்கள். அதே மாதிரி, பாப்பா கால் வைக்காத தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கத்திலிருந்து மண்ணை அள்ளி ஒரு பழைய வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டாள். வாளியில் முளைப்பதெல்லாம் ஊர்க் களை. வாளியில் இல்லாமல் பாத்தியில் மட்டும் இருப்பது பாப்பாவின் செடி. இதைவிட நேரான கணக்கு உண்டா?

கணக்கு நேர்தான், மனசுதான் கோணல். வாளியில் முதலில் தலை காட்டியது கீழாநெல்லி. பாத்தியிலும் கீழாநெல்லி இருந்தது. அப்படியானால் களை, பிடுங்கலாம். குனிந்தாள். குனிந்த இடத்தில் ஒரு நினைப்பு குறுக்கே விழுந்தது. பெண் படித்தது மருந்து. கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு என்பார்களே. மருந்துச் செடியாகப் பார்த்து விதைத்திருந்தால்? அப்படிப் பார்த்தால் குப்பைமேனியும் மருந்துதான், நாயுருவியும் மருந்துதான். உலகத்தில் எந்தக் களைக்குத்தான் ஒரு வைத்தியம் சொல்லிவைக்கவில்லை! நாடாவை அவிழ்க்காமல் நிமிர்ந்துவிட்டாள். ஒன்றே ஒன்றில்தான் அவளுக்குச் சந்தேகமில்லை. பாத்தி நெடுக அங்கங்கே கொத்துக் கொத்தாகப் புல் வந்திருந்தது. புல் புல்தான், யாரும் காசு கொடுத்துப் புல் விதை வாங்கமாட்டார்கள். அதற்கு மட்டும் நாடா கட்டவில்லை. ஆனாலும் அதன் வேரோடு பக்கத்துச் செடியின் வேர் பின்னிக் கிடந்ததால் அதையும் இழுக்கத் துணியவில்லை.

குருவிகள் வேறு வந்துகொண்டே இருந்தன. பாப்பா போட்ட விதையைக் கொத்த வருகின்றன என்று அவளுக்கு ஆத்திரம். அறுவை அறைப் பச்சைத் துணியில் கிழிந்துபோய்க் கழித்ததைக் கேட்டு வாங்கி, நீள நீளமாகக் கிழித்து, சுவர் நெடுகக் கட்டித் தொங்கவிட்டாள். காற்றில் அவை படபடக்க, குருவிகள் எட்டி உட்கார்ந்து இவளையே பார்த்தன.

ஒரு நாள் விடியற்காலை கை அவளை மீறிவிட்டது. முந்தின நாள் போனில் மகள், "இந்த வருஷம் வர முடியாதும்மா" என்று சொல்லியிருந்தாள். அந்தப் படபடப்போடு முற்றத்தில் நடந்தவள், ஒரு செடியைப் பிடித்து வேரோடு இழுத்துவிட்டாள். கையில் தொங்கும் வேரைப் பார்த்ததும்தான் சுயநினைவு வந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள். அதே குழியில் திரும்ப வைத்து, மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி, குச்சி நட்டு, நூலால் கட்டினாள். செடி துவண்டு சாய்ந்தது. வேலைக்குப் போயும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பளியைத் தலையணை உறையோடு சேர்த்துப் போட்டாள், பொத்தான் பார்த்து எடுத்தாள். சாயங்காலம் ஓடி வந்து பார்த்தால் சாய்ந்தபடியே பிழைத்திருந்தது. பிறகு அதில் கதிர் வந்து, முள்ளு முள்ளாகக் காய்த்து, இவள் புடவை ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத நாயுருவி. தெரிந்த பிறகும் நூலை அவிழ்க்க மனசு வரவில்லை.

பாத்தி காடாகிவிட்டது. செம்பருத்திக்கு மூச்சு முட்டியது, ரோஜா எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மீட்டர்காரர் தினமும் எட்டிப் பார்த்தார், பாயைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன அண்ணே, கல்லாட்டம் இருக்கேன்."

"இல்ல, இந்தப் பக்கம் இப்படிப் புதர் மண்டிக் கிடக்கே..."

உள்ளதைச் சொன்னால் சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெந்நீர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சும்மா விட்டிருக்கேன் அண்ணே" என்றாள்.

மீட்டர்காரரின் முகம் மாறிவிட்டது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. சுவரிலிருந்து தலையை இறக்கிக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாள் முற்பகலில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பா இறங்கினாள்.

வெந்நீர் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்து வைத்திருந்தது அப்படியே நடந்தது. பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு மகள் நேரே பின்வாசலுக்கு நடந்தாள். வெந்நீர் பின்னாலேயே போனாள். பாப்பா படியில் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாத்தியைப் பார்த்தாள். இப்போது திரும்புவாள், இப்போது சிரிப்பாள் என்று வெந்நீர் காத்திருந்தாள். திரும்பிய முகத்தில் ரத்தமே இல்லை. மகள் கிட்டே வந்து அம்மாவின் நெற்றியில் கையை வைத்தாள்.

"என்னம்மா பண்ணுது உனக்கு? மறைக்காம சொல்லு."

"எனக்கா? எனக்கு என்ன?"

"பக்கத்து வீட்டு மாமா போன் பண்ணாரு. பாத்தியில ஆளுயரம் புல்லு, கேட்டா சும்மா விட்டிருக்கேன்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்குன்னாரு. ஓடிக்கிட்டே இருந்த மீட்டர் நின்னுபோச்சுன்னா உள்ளே ஏதோ கோளாறுன்னு அர்த்தமாம். டாக்டர்கிட்ட போனியா? தூங்குறியா, இல்லையா?"

"அவருக்கு உன் நம்பர் எப்படித் தெரியும்?"

"போகும்போது நான்தான் கொடுத்துட்டுப் போனேன். அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னு." சொல்லிவிட்டு மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவு கோபத்தோடு போனவள், போகிற போக்கில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வெந்நீர் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லடி. நீ விதை போட்டியே, அதான். எது உன் செடி, எது களைன்னு தெரியல. பிடுங்கி வைச்சுட்டா நீ..."

"விதையா? நான் எப்ப விதை போட்டேன்?"

"பொய் சொல்லாதே. அன்னைக்கு ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பொட்டலத்துலேர்ந்து எடுத்து எடுத்துப் போட்டுக்கிட்டே போனியே."

பாப்பா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு கண் அகன்றது. "அது குருவித் தீனிம்மா! பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் வித்துக்கிட்டிருந்தாரு, சும்மா வாங்கிட்டு வந்தேன். சுவத்துல குருவி வந்து உட்காருதேன்னு போட்டேன்."

வெந்நீர் சுவரைப் பார்த்தாள். குருவி வராமலிருக்க அவள் கட்டிய பச்சைத் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. மகளும் பார்த்தாள். "அது எதுக்கு?" என்று கேட்டாள். "குருவியை விரட்ட" என்று சொல்லும்போது வெந்நீருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை மாதம் கையைக் கட்டிக்கொண்டு தவமிருந்தது ஒரு பிடி தீனிக்கா? தலையில் அடித்துக்கொள்ளலாமா சிரிக்கலாமா என்று புரியாமல் அவள் முழிக்க, பாப்பா சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே பாத்திக்குள் இறங்கி, புதரை விலக்கி விலக்கி நாடாக்களைப் படித்தாள். சந்தேகம். சந்தேகம். சந்தேகம். மூன்றாவதோ நாலாவதோ நாடாவில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எதுக்கு நூல் கட்டியிருக்கே?"

"அது ஒண்ணை மட்டும் ஒரு நாள் பிடுங்கிட்டேன். திரும்ப நட்டுட்டேன்."

"நாயுருவியையா?"

"நாயுருவின்னு அப்ப தெரியாதே."

பாப்பா அந்தச் சாய்ந்த செடியைப் பார்த்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகி, "சரி, எந்திரி. ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தம் பண்ணிடலாம். உன் கைக்கும் விடுதலை" என்று கிட்டே இருந்த புல் கொத்தைச் சேர்த்துப் பிடித்தாள்.

"ஏய், இரு! விடு அதை!"

வெந்நீர் எழுந்து ஓடிவந்து மகளின் கையைப் பிடித்தாள். குனிந்து அந்தப் புல்லின் கதிரை விரலால் நிமிர்த்தினாள். நரி வால் மாதிரி வளைந்து, உள்ளே மணி மணியாக முற்றியிருந்தது. நாடாகூடக் கட்டாமல் விட்டாளே, அதே புல். இரண்டு மணியை உதிர்த்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"தினைடி. குருவி தின்னது போக மிஞ்சினது. நீ போட்டது இதுதான்."

இருவரும் பாத்தியைப் பார்த்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பாப்பா அன்று நடந்துபோன வழியிலேயே, அங்கங்கே கொத்தாகத் தினை நின்றது. வெந்நீர் எட்டிப் பச்சைத் துணியில் ஒன்றை அவிழ்த்தாள். மற்றவற்றை மகள் அவிழ்த்தாள்.

"களையைப் பிடுங்க வேணாமா?"

"இருக்கட்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள் வெந்நீர். சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டர்காரர் இருமுவது கேட்டது.

படியில் வந்து உட்கார்ந்தார்கள். மகள் தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். "ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கேன். எந்த வேலையும் செய்யப்போறதில்லை. சும்மா இருக்கப் போறேன்" என்றாள். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

வெந்நீரின் நாக்கு நுனிக்கு என்னென்னவோ வந்தது. மருந்தகத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

"இரு" என்றாள்.

வாய் அடங்கியது, கை அடங்கவில்லை. பாத்திக்குள் புகுந்து வந்ததில் மகளின் துப்பட்டா ஓரமெல்லாம் நாயுருவிக் காய் ஒட்டியிருந்தது. வெந்நீர் அந்த ஓரத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். பாப்பா தடுக்கவில்லை. முதல் குருவி சுவரில் வந்து உட்கார்ந்தபோதும் அவள் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.